பழைய கம்ப்யூட்டருக்குப் புது ஹார்டு டிஸ்க்: கடைக்குப் போகும் முன்பு



சில மாதங்களுக்கு முன்பு ஒரு கூட்டமைப்பு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கணக்காளர் தங்கச்சி மேசைக்குக் கீழே குனிந்து, கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "என்னம்மா பண்றே?" என்றேன். "மேடம், உள்ளே பல்லி கத்துற மாதிரி டிக் டிக்குனு சத்தம் வருது. ரெண்டு நாளா இப்படித்தான். ஒரு பைலைத் திறக்க கால் மணி நேரம் ஆகுது" என்றார். பக்கத்தில் இருந்த பொருளாளர் அக்கா, "பல்லி சொன்னா நல்ல சகுனம்தானே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சத்தத்தை நான் 2014-ல் ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வேறொரு கூட்டமைப்பு. யாரோ அலுவலகத்தில் கழித்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை நன்கொடையாகக் கொடுத்திருந்தார்கள். அதில்தான் எல்லாக் குழுக்களின் உள்கடன், தவணை, வட்டிக் கணக்கு ஏற்றியிருந்தோம். ஒரு நாள் டிக் டிக் சத்தம். மறுநாள் பெட்டி திறக்கவே இல்லை. கடைக்காரரிடம் போனில் கேட்டேன். "ஹார்டு டிஸ்க் போயிருக்கும்மா, புதுசு வாங்கிப் போடுங்க" என்றார். நானும் பஸ் ஏறி டவுனுக்குப் போய், "500 ஜி.பி. ஹார்டு டிஸ்க் ஒண்ணு கொடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தேன். பெட்டியைத் திறந்து பார்த்தால் புது டிஸ்க்கின் வாயும் பழைய வயரும் சேரவே இல்லை. கவரைக் கிழித்தாகிவிட்டது, கடையில் திரும்ப எடுக்கவில்லை. கூட்டமைப்புப் பணம்.

செயற்குழுவில் இதைச் சொன்னபோது வயசான அம்மா ஒருத்தர் கேட்டார்: "மிக்ஸி ஜார் வாங்கப் போனாக்கூட பழைய ஜாரைப் பையில போட்டு எடுத்துட்டுப் போவோம். நீங்க ஏன் மேடம் எடுத்துட்டுப் போகலை?"

என்னிடம் பதில் இல்லை. எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் இதைச் சொல்லித்தரவில்லை என்று சொல்லவா முடியும்? அந்த அம்மா கேட்ட கேள்வியை வைத்துத்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

பணம்கூடப் பெரிசில்லை. அந்த டிஸ்க்கில் இருந்த பதினான்கு மாதக் கணக்குக்கு வேறு படி எடுத்து வைக்கவில்லை. ஒவ்வொரு குழுவாகப் போய் பாஸ்புத்தகத்தைப் பார்த்து மறுபடி எழுதினோம். ஒரு உறுப்பினரின் பாஸ்புத்தகம் மழைக்குக் கூரை ஒழுகி நனைந்து எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. கடைசி இரண்டு தவணை கட்டிவிட்டேன் என்று அவர் சொல்கிறார். காட்ட எதுவும் இல்லை. குழுவின் ஊக்குநர் வீட்டில் கிடந்த ஒரு பழைய நோட்டில் அந்த இரண்டு வரியும் இருந்ததால் தப்பித்தார். இல்லாவிட்டால் கட்டிய பணத்தையே மறுபடி கட்ட வேண்டி வந்திருக்கும். 1989-ல் தருமபுரியில் நம்ம மாநிலத்துக் குழுக்கள் தொடங்கிய காலத்தில் எல்லாம் நோட்டுதான். நோட்டு செல்லரிப்பது கண்ணுக்குத் தெரியும். டிஸ்க் செல்லரிப்பது தெரியாது.

உள்ளே என்ன இருக்கிறது?

ஹார்டு டிஸ்க்குக்குள் கண்ணாடி போல் பளபளக்கும் வட்டத் தட்டு ஒன்றோ சிலவோ இருக்கும். அது நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்றுச் சுற்றும். 7,200 என்றால் நொடிக்கு 120 சுற்று. அந்தத் தட்டுக்கு மேலே ஒரு சின்னக் கை நீண்டு, தொடாமலே காந்தத்தால் எழுதும், படிக்கும். கையின் நுனிக்கும் தட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, நம் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓடும்போது பெட்டியைக் காலால் தள்ளினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் பட்டென்று போய்ப் போய் வருவதும் அதற்கு ஆகாது. டிக் டிக் சத்தம் என்பது பெரும்பாலும் அந்தக் கை இடம் தெரியாமல் முன்னும் பின்னும் தேடுகிற சத்தம்.

முதன்முதலில் 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி செய்த ஹார்டு டிஸ்க்கில் 50 தட்டுகள் இருந்தன. நம்ம ஆபீஸ் பீரோவை விடப் பெரிசு. அதில் கொண்டது வெறும் 50 லட்சம் எழுத்து. இப்போது உள்ளங்கையில் அடங்குகிறது. அடங்கினாலும் தேயும் பொருள் தேயும் பொருள்தான்.

முதலில் டிஸ்க்தானா என்று பாருங்கள்

பெட்டி திறக்கவில்லை என்றால் உடனே டிஸ்க் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, டிஸ்க்குக்குப் போகும் இரண்டு வயரையும் இரு முனையிலும் எடுத்து மறுபடி அழுத்தி மாட்டுங்கள். எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், இரண்டு அலுவலகத்தில் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவை போடும்போதும் தேதி ஏதோ பழைய வருஷத்துக்குப் போகிறது என்றால், மதர்போர்டில் உள்ள காசு மாதிரியான பேட்டரி தீர்ந்திருக்கும். அதன் பெயர் சி.ஆர். 2032. கைக்கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும். அது தீர்ந்தால் சில பழைய கம்ப்யூட்டர் டிஸ்க் அமைப்பையே மறந்துவிடும். பீப் பீப் என்று தொடர்ந்து கத்தினால் அனேகமாக ரேம். இதெல்லாம் இல்லை, டிக் டிக் சத்தம், ஆமை வேகம், திறக்கும்போது டிஸ்க் பழுது என்று கறுப்புத் திரையில் எச்சரிக்கை, இவை இருந்தால் டிஸ்க்தான்.

வாங்குவதற்கு முன் படி எடுங்கள்

இதுதான் என் அனுபவத்தில் எல்லோரும் தலைகீழாகச் செய்கிற இடம். டிஸ்க் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே, புது டிஸ்க் தேடப் போவதற்கு முன்பே, கணக்கைப் படி எடுக்க வேண்டும். முதலில் கடன் பதிவேடு, சேமிப்புக் கணக்கு, தீர்மானங்கள். பிறகு போட்டோ, மற்றது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் காப்பி போட்டால், ஒரு கல்யாண வீடியோவில் மாட்டிக்கொண்டு டிஸ்க் அங்கேயே உயிரை விட்டுவிடும். முக்கியமானதை முதலில் எடுங்கள்.

பழுதான டிஸ்க்கை ஃபார்மட் பண்ணவோ, சரிபார்க்கிற புரோகிராம் ஓட்டவோ வேண்டாம். அது நோயாளியை ஓடச் சொல்கிற மாதிரி. கம்ப்யூட்டர் திறக்கவே இல்லையா? டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. அடாப்டர் வழியாக வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கலாம். அங்கேயும் தெரியவில்லை, டிக் டிக் மட்டும்தான் என்றால் திரும்பத் திரும்பப் போட்டு எடுக்காமல் நிறுத்திவிடுங்கள். பெரிய நகரங்களில் டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். செலவு அதிகம், மீளும் என்ற உறுதியும் கிடையாது. "ஃபிரிட்ஜில வெச்சு எடுத்தா ஓடும்" என்று ஒரு தம்பி சொன்னான். வேண்டாம். உள்ளே ஈரம் கோத்து இருப்பதும் போகும்.

பல்லிச் சத்தம் வந்த நம்ம அலுவலகத்தில் அன்றைக்கு சாயங்காலத்துக்குள் இரண்டு பெண்டிரைவில் கடன் கணக்கை முழுக்க எடுத்துவிட்டோம். அதற்கப்புறம்தான் டீ குடித்தோம்.

வாய் எப்படி இருக்கிறது?

இப்போது மிக்ஸி ஜார் கணக்கு. டிஸ்க்கின் வாய் இரண்டு வகை.

பழைய வகை ஐ.டி.ஈ. மூன்று விரல் அகலத்துக்குப் பட்டையாக ஒரு வயர் வரும். டிஸ்க்கின் பின்புறம் இரண்டு வரிசையாக நாற்பது ஊசி. மின்சாரத்துக்கு நான்கு துளை உள்ள பெரிய வெள்ளைப் பிளக். 2014-ல் நான் ஏமாந்தது இதில்தான்.

அடுத்தது சாட்டா. 2003 வாக்கில் வந்தது. சுண்டுவிரல் அகலத்தில் சின்ன வயர்; வாய்க்குள் எட்டிப் பார்த்தால் ஆங்கில எழுத்து 'எல்' மாதிரி ஒரு பள்ளம். மின்சாரத்துக்கும் அதே மாதிரி, கொஞ்சம் அகலமான தட்டை வாய். 2007, 2008-க்குப் பிறகு வாங்கிய கம்ப்யூட்டராக இருந்தால் அனேகமாக இதுதான். அனேகமாக என்றுதான் சொல்கிறேன். திறந்து கண்ணால் பார்க்காமல் வாங்கப் போகாதீர்கள்.

ஐ.டி.ஈ. டிஸ்க் இப்போது புதிதாகச் செய்வதில்லை. எங்காவது "புதுசு" என்று கொடுத்தால் பல வருஷம் அலமாரியில் கிடந்ததாகவோ, கழற்றித் துடைத்து வைத்ததாகவோதான் இருக்கும். சாட்டா டிஸ்க்கை ஐ.டி.ஈ. பெட்டியில் ஓட்ட ஒரு சின்ன அடாப்டர் கிடைக்கிறது. ஆனால் அந்தக் காலத்துப் பெட்டிகளில் சில, 137 ஜி.பி.க்கு மேல் உள்ள டிஸ்க்கை முழுசாகக் கணக்கில் எடுக்காது. என் கருத்தைக் கேட்டால், ஐ.டி.ஈ. பெட்டிக்கு இனிமேல் கூட்டமைப்புப் பணத்தைப் போடக்கூடாது. கணக்கை மட்டும் மீட்டுக்கொண்டு பெட்டிக்கு விடை கொடுத்துவிடுங்கள்.

சாட்டாவில் மூன்று தலைமுறை உண்டு. வேகம் 1.5, 3, 6 என்று எழுதியிருக்கும். புது டிஸ்க்கில் 6 என்று போட்டிருந்தாலும் பழைய 3 பெட்டியில் ஓடும், அந்தப் பெட்டியின் வேகத்தில் ஓடும். இதற்காகப் பயப்பட வேண்டாம். ரொம்பப் பழைய சில மதர்போர்டுகள் மட்டும் புது டிஸ்க்கை அடையாளம் காணாமல் அடம் பிடிக்கும். அதனால்தான் "போட்டுப் பார்த்து ஓடலைன்னா திருப்பித் தருவேன்" என்று முன்னாலேயே பேசிக்கொள்ள வேண்டும். நான் பேசவில்லை, நீங்கள் பேசுங்கள்.

மின்சார வாய் மட்டும் சேரவில்லை என்றால் ஒட்டு வயர் கொடுப்பார்கள். பிளாஸ்டிக்கை ஒரே கட்டியாக வார்த்த மலிவு ஒட்டு வயர்கள் சூடாகி எரிந்திருக்கின்றன. நல்லதாகக் கேட்டு வாங்குங்கள்.

அளவும் தடிமனும்

மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க் மூன்றரை அங்குலம், லேப்டாப் டிஸ்க் இரண்டரை அங்குலம். சாட்டா என்றால் இரண்டுக்கும் வாய் ஒன்றுதான். அதனால் சின்னதை ஒரு சட்டம் வைத்துப் பெரிய பெட்டியில் மாட்டலாம். பெரியதை லேப்டாப்பில் திணிக்க முடியாது.

இங்கே ஒரு உறுப்பினர் கேட்ட கேள்வி: "எம் பொண்ணுக்கு ஸ்கூல்ல கவர்மென்ட் கொடுத்த லேப்டாப் மூலையில கிடக்கு. அதுக்குப் போடலாமா மேடம்?" 2011-லிருந்து நம்ம மாநிலத்தில் மாணவ மாணவிகளுக்குக் கொடுத்த லேப்டாப்கள் நிறைய வீட்டில் இப்படிக் கிடக்கின்றன. பல சமயம் மற்றதெல்லாம் நன்றாக இருந்து டிஸ்க் மட்டும்தான் போயிருக்கும். இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க் போட்டால் ஓடும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் தடிமனைப் பாருங்கள். லேப்டாப் குழியில் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர் டிஸ்க்தான் உட்காரும், சிலவற்றில் 7 மில்லிமீட்டர். 7 உள்ளதை 9.5 குழியில் சின்ன அண்டை வைத்துப் போடலாம். 15 மில்லிமீட்டர் டிஸ்க் எதிலும் நுழையாது. பழைய டிஸ்க்கைக் கழற்றி ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுப் போங்கள்.

எத்தனை ஜி.பி. வேண்டும்?

கடையில் போனதும் "1 டி.பி. எடுங்க, 2 டி.பி. எடுங்க" என்பார்கள். பல்லி அலுவலகத்தில் பார்த்தோம். பழைய டிஸ்க் 320 ஜி.பி. பதினைந்து வருஷக் கணக்கு, போட்டோ, கடிதம் எல்லாம் சேர்த்து 60 ஜி.பி.கூட நிரம்பவில்லை. அதில் கணக்கு மட்டும் எவ்வளவு என்று பார்த்தால் 1 ஜி.பி.க்குள் அடங்கிவிட்டது. மிச்சம் எல்லாம் மகளிர் தின விழா போட்டோ.

பழைய பெட்டிகளுக்கு மேல் வரம்பும் உண்டு. 2012-க்கு முந்தைய பெட்டிகள் பெரும்பாலும் பழைய பயாஸ் முறையில் திறப்பவை. அவற்றில் 2 டி.பி.க்கு மேல் உள்ள டிஸ்க்கை விண்டோஸ் திறக்கும் டிஸ்க்காகப் போட்டால் முழு அளவையும் பயன்படுத்த முடியாது. வீட்டுக்குச் சின்னது, விலைக்குப் பெரிசு.

இன்னொன்று. 500 ஜி.பி. வாங்கி மாட்டினால் கம்ப்யூட்டர் 465 என்று காட்டும். 1 டி.பி. போட்டால் 931. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. படி ஒன்று, அளக்கிற ஆழாக்கு வேறு.

தட்டு டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா?

எஸ்.எஸ்.டி. என்பதும் டிஸ்க் செய்யும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் உள்ளே சுற்றும் தட்டு கிடையாது. பெண்டிரைவ் மாதிரி சில்லுகள்தான். சத்தம் இல்லை, ஆட்டினால் போகாது, பழைய பெட்டியையும் நடக்க வைக்கும். கம்ப்யூட்டர் திறக்க நான்கு நிமிஷம் ஆன இடத்தில் ஒரு நிமிஷத்துக்குள் திறப்பதை நானே பார்த்தேன். இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. என்று கேட்டு வாங்க வேண்டும். எம்.2 என்று பபிள்கம் பட்டை மாதிரி ஒன்று காட்டுவார்கள். அதற்கென்று தனிக் குழி இருந்தால்தான் உட்காரும், பழைய பெட்டிகளில் இருக்காது.

குறையும் சொல்லிவிடுகிறேன். தட்டு டிஸ்க் பல சமயம் பல்லி மாதிரி கத்தி எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. கத்தாது. நேற்று ஓடியது, இன்றைக்கு இல்லை என்று போய்விடும். போனால் மீட்பதும் கஷ்டம். எனவே எஸ்.எஸ்.டி. போட்டால் மாதா மாதம் படி எடுப்பது கட்டாயம். கணக்கு முடிக்கும் தேதியில் எடுங்கள்.

செயற்குழுவில் இதை வைத்துப் பேசினோம். "பதினஞ்சு வருஷப் பெட்டிக்கு எதுக்கு எஸ்.எஸ்.டி., நாளைக்கு மதர்போர்டு போனா?" என்று துணைத் தலைவி கேட்டார். சரியான கேள்வி. சாட்டா எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி சாட்டா வாய் உள்ள அடுத்த பெட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று, படி எடுத்து வைக்க வெளியில் மாட்டும் டிஸ்க் ஒன்று என்று முடிவானது.

கடையில்

பழைய டிஸ்க்கைக் கையில் எடுத்துப் போங்கள். கூடவே பெட்டியைத் திறந்து வயர், வாய், டிஸ்க்கின் மேல் லேபிள் மூன்றையும் கைபேசியில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் கணக்காளர், இன்னொருவர் கேள்வி கேட்கக் கூச்சப்படாதவர். அதே கம்பெனி, அதே மாடல்தான் வேண்டும் என்று தேட வேண்டியதில்லை. தட்டு டிஸ்க் செய்பவை இப்போது உலகத்திலேயே சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்று மூன்றுதான். வாயும் அளவும் சேர்ந்தால் யாருடையதும் ஓடும்.

கண்காணிப்பு கேமராவுக்கென்று தனி டிஸ்க் உண்டு. அதுவும் சாட்டாதான், மாட்டினால் ஓடும். ஆனால் அது நாள் முழுக்க வீடியோ எழுதுவதற்கென்று அமைத்தது. அதைவிடக் கவலை, கேமராவில் ஓடித் தேய்ந்ததைக் கழற்றி விற்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கேமரா டிஸ்க் நாளுக்கு 24 மணி நேரம், வருஷத்துக்கு 8,760 மணி நேரம் ஓடும். நம்ம அலுவலகக் கம்ப்யூட்டர் நாளுக்கு 8 மணி, மாதம் 25 நாள் என்றால் வருஷத்துக்கு 2,400 மணிதான். இரண்டு வருஷம் கேமராவில் ஓடியது, நம்மிடம் ஏழு வருஷத்துக்கு மேல் ஓடியதற்குச் சமம்.

டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்று அதற்குள்ளேயே பதிவாகியிருக்கும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராம் அதைக் காட்டும். கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். புதுசு என்றால் பூஜ்யமோ ஒன்றிரண்டோதான் இருக்கும். அந்தப் பதிவையே அழித்து விற்பவர்களும் உண்டு. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் பயன்படுத்திய டிஸ்க்குகளை இப்படிப் புதுசாக்கி விற்றது வெளிவந்தது. எனவே லேபிளில் உள்ள வரிசை எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு உத்தரவாதம் எதுவரை என்றும் பாருங்கள். அந்த எண் பில்லிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். துண்டுச் சீட்டு பில் ஆகாது. தணிக்கையில் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

மாட்டிய பிறகு

டிஸ்க்கை மாட்டுவது நான்கு ஸ்க்ரூ வேலை. எஸ்.எஸ்.டி. என்றால் அதுகூட இல்லை. அதற்கப்புறம்தான் அலுவலகம் ஒரு வாரம் தடுமாறும். மூன்று விஷயத்தை முன்பே எடுத்து வையுங்கள்.

முதலாவது, தமிழ் எழுத்துரு. யூனிகோடு வருவதற்கு முன்பு நம்ம தீர்மானங்கள், கடிதங்கள் எல்லாம் பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்தவை. புது விண்டோஸ் போட்டு அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் எல்லாம் கிறுக்கலாகத் தெரியும். "வைரஸ் வந்துருச்சு" என்று ஒரு அலுவலகத்தில் பழைய தீர்மானப் பைல்களை அழிக்கவே போனார்கள். பைல் பத்திரமாகத்தான் இருக்கிறது, எழுத்துரு மட்டும்தான் இல்லை. பழைய டிஸ்க் ஓடும்போதே எழுத்துருக் கோப்புகளையும் படி எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, டேலி வைத்திருந்தால் தகவல் போல்டரைப் படி எடுப்பதோடு உரிமத்தைச் சரண்டர் செய்து, புது டிஸ்க்கில் மறுபடி ஏற்ற வேண்டும். மூன்றாவது, பிரிண்டரின் டிரைவர். பழைய பிரிண்டருக்கு இப்போது தேடினால் சுலபத்தில் கிடைக்காது.

புதிதாக விண்டோஸ் ஏற்றாமல், பழைய டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்தும் போடலாம். டிஸ்க் நன்றாக இருக்கும்போது அது வசதி. டிக் டிக் வந்த பிறகு ஆபத்து. நகல் போட்ட பிறகு நீலத்திரை வந்து நின்றால், பயாஸில் சாட்டா முறை ஐ.டி.ஈ., ஏ.எச்.சி.ஐ. என்று இரண்டு இருக்கும், முன்பு இருந்ததையே வைக்கச் சொல்லுங்கள்.

விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு மேம்படுத்தல் 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபரோடும் நின்றது. பழைய பெட்டிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்காது. அதனால் அந்தப் பெட்டியில் வங்கி இணையச் சேவை பார்க்கக்கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டோம். லினக்ஸ் போடுவதும் ஒரு வழி. சென்னை சி-டாக் செய்த பாஸ் லினக்ஸில் தமிழும் உண்டு. கணக்காளர் பழகத் தயார் என்றால் போடுங்கள். அவர் தலையில் கட்டாதீர்கள்.

பழைய டிஸ்க் எங்கே போகும்?

"பழசைக் கொடுத்தா கொஞ்சம் குறைச்சுக்கிறேன்" என்று கடையில் சொன்னார்கள். பொருளாளர் அக்கா கொடுக்கத் தயாராகிவிட்டார், நூறு ரூபாய் என்றாலும் பணம்தானே என்று. அதில் என்ன இருந்தது தெரியுமா? முந்நூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், போட்டோ, கையெழுத்து. யாருக்கு எவ்வளவு கடன், யார் தவணை தவறினார்கள் என்பது வரை. அழித்துவிட்டோம் என்று நாம் நினைப்பதை எடுக்கத் தெரிந்தவர்கள் எடுத்துவிடுவார்கள். பழுதான டிஸ்க்கும் அப்படித்தான். தட்டு டிஸ்க்காக இருந்தால் தட்டில் நாலு இடத்தில் டிரில்லிங் மெஷினால் துளை போட்டுவிட்டு, மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுக்கலாம். அதுவரை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அக்கா டிஸ்க்கைப் பையில் திரும்பப் போட்டுக்கொண்டார்.

தீர்மான நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன். உங்களுக்குத் தேவைப்பட்டால் விவரத்தை மாற்றி எழுதிக்கொள்ளலாம்:

"கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் பழுதானதால், மூன்று கடைகளில் விலைப்புள்ளி பெற்று, இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. 256 ஜி.பி. ஒன்றும், படி எடுக்க வெளிப்புற டிஸ்க் ஒன்றும் வாங்க ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. பொருத்தி ஓடாவிட்டால் திருப்பி எடுக்கக் கடைக்காரரிடம் எழுத்தில் பெற வேண்டும். வரிசை எண் இருப்புப் பதிவேட்டில் பதியப்படும். ஒவ்வொரு மாதமும் கணக்கு முடிக்கும் நாளில் கணக்காளர் படி எடுத்து, வெளிப்புற டிஸ்க்கை அலுவலகத்தில் வைக்காமல் செயலாளர் வீட்டில் வைக்க வேண்டும். பழைய டிஸ்க் பொருளாளர் பொறுப்பில் பீரோவில் இருக்கும். செயற்குழுவின் இருவர் முன்னிலையில் துளையிட்ட பிறகே வெளியேற்றப்படும்."